அறுபது நாள் நோட்டீஸ் வந்துவிட்டது, தடை வாங்க முடியுமா?

வாசகர் கேள்வி:

ஐயா, ராமநாதபுரத்தில் பதினோரு ஆண்டுகளாக இருசக்கர வாகன ஷோரூம் நடத்துகிறேன். தொண்டியிலும் ஏர்வாடியிலும் சப் டீலர்கள் இருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் வண்டி ஓடாது என்று சொல்லியும், மே மாதம் நான் கேட்ட 60 வண்டிகளுக்குப் பதிலாக 145 வண்டிகளைக் கம்பெனி பில் போட்டு இறக்கியது. வங்கி லிமிட்டிலிருந்து பணம் தானாகவே போய்விட்டது. பாதி வண்டிகள் உப்புக் காற்றில் குடோனில் நிற்கின்றன. டார்கெட் முடிக்கவில்லை என்று இன்சென்டிவை நிறுத்திவிட்டார்கள். வாரண்டி கிளெய்ம் பணமும் வரவில்லை. எட்டு கிலோமீட்டரில் இன்னொரு டீலரையும் போட்டார்கள். இப்போது, 60 நாளில் டீலர்ஷிப் ரத்து என்று நோட்டீஸ். அது வந்து 13 நாள் ஆகிறது. 20 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதமும், தொகை எழுதாமல் கையெழுத்திட்ட நான்கு காசோலைகளும் அவர்களிடம் இருக்கின்றன. தகராறு என்றால் டெல்லியில் நடுவர் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ராமநாதபுரம் நீதிமன்றத்தில் தடை வாங்க முடியுமா? இதற்கிடையில் சப் டீலர்கள் தங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

வழக்கறிஞர் பதில்:

ராமநாதபுரத்தில் தடை கிடைக்காது. டெல்லியிலும் கிடைப்பது அரிது. "ஸ்டே வாங்கிவிடலாம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், குடித்த டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கசப்பான பதில்தான். ஆனால் இருக்கிற 47 நாளையும் தடைக்காகச் செலவழித்துவிட்டு, நாற்பத்தெட்டாவது நாள் வெறுங்கையோடு நின்ற டீலர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்தியன் ஆயிலுக்கும் அமிர்தசரஸில் இருந்த ஒரு கேஸ் விநியோகஸ்தருக்கும் நடந்த வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த விநியோகஸ்தரை நீக்கியது தவறு என்று நடுவரே முடிவு செய்து, ஏஜென்சியைத் திருப்பிக் கொடுக்கவும் சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முப்பது நாள் நோட்டீஸில் எந்தத் தரப்பும் விலகலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த உறவைத் தொடரும்படி கட்டாயப்படுத்த முடியாது, அந்த முப்பது நாளில் கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தை இழப்பீடாகக் கேட்கலாம், அவ்வளவுதான் என்றது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் 14-ஆம் பிரிவும் 41-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. டீலர்களின் நோட்டீஸ் எதற்கும் கம்பெனி வக்கீல்கள் எழுதும் பதிலில் முதல் பத்தியிலேயே இந்தத் தீர்ப்பு வந்து உட்கார்ந்திருக்கும்.

உங்கள் ஷோரூமுக்குப் பக்கத்தில் அரசு எண்ணெய் நிறுவனத்தின் பெட்ரோல் பங்க் இருந்தால், அதன் டீலருக்கு உள்ள ஒரு வழி உங்களுக்கு இல்லை. அவருடைய கம்பெனி அரசமைப்பின்படி 'அரசு' என்ற வரையறைக்குள் வருவதால், அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். மாதிரி எடுத்ததில் விதி மீறப்பட்டது என்பதற்காக, ஹர்பன்ஸ்லால் சஹ்னியா என்பவரின் ரத்தான டீலர்ஷிப்பை உச்ச நீதிமன்றமே திருப்பிக் கொடுத்திருக்கிறது. உங்கள் கம்பெனி தனியார். அது தனக்குப் பிடிக்காதவரோடு வியாபாரம் செய்யாமல் இருக்கலாம். ஒப்பந்தமே அநியாயமானது என்று வாதாடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பேரம் பேசும் பலமில்லாதவர் மீது திணிக்கப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்ற 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, இரு தரப்பும் வியாபாரிகளாக இருக்கும் இடத்தில் இந்த விதி பொருந்தாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறது. பதினோரு ஆண்டு ஷோரூம் நடத்தியவரை ஏமாந்த அப்பாவி என்று எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

ஒரே ஒரு இடுக்கு இருக்கிறது. நோட்டீஸை மறுபடியும் எடுத்துப் படியுங்கள். ஒப்பந்தத்தில் விலகுவதற்கு இரண்டு ஷரத்துகள் இருக்கும். காரணம் சொல்லாமல் நாள் கணக்குக் கொடுத்து விலகுவது ஒன்று. தவறு நடந்தால், அதைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்து, பிறகு முறிப்பது இன்னொன்று. கம்பெனி முதல் ஷரத்தைப் பயன்படுத்தியிருந்தால் மேலே சொன்னதுதான் கதி. இரண்டாவதைப் பயன்படுத்தி, டார்கெட் தவறிவிட்டது என்று குற்றம் சாட்டி, சரிசெய்யும் அவகாசத்தைக் கொடுக்காமல் விட்டிருந்தால், உங்கள் பக்கம் கொஞ்சம் வலுக்கூடும். அப்போதும் தடைக்குப் போவதைவிட, "இந்த முறிவு ஒப்பந்தப்படி நடக்கவில்லை" என்பதை எழுத்தில் பதிவு செய்து, இழப்பீட்டுக் கணக்கில் சேர்ப்பதுதான் லாபம்.

ஆகவே டீலர்ஷிப்பைக் காப்பாற்றும் வழக்கு உங்களிடம் இல்லை. ஆனால் கணக்கைத் தீர்க்கும் வழக்கு இருக்கிறது, அது பலமான வழக்கு. கம்பெனி போகும்போது உங்கள் பணத்தையும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்ப்பதுதான் இனி வேலை.

அந்த 145 வண்டிகளை எடுத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆர்வம் தந்த வரி அதுதான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பழையதுதான், ஆனால் மழுங்கவில்லை. பேசிய அளவைவிடக் கூடுதலாகச் சரக்கு வந்தால், பேசிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறுக்கலாம் என்கிறது 37-ஆம் பிரிவு. மறுத்த சரக்கை நீங்கள் லாரி ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, மறுத்துவிட்டேன் என்று தெரிவித்தால் போதும் என்கிறது 43. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 42-தான் டீலர்களைக் கவிழ்ப்பது. நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால், ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

மே மாதம் அந்த லாரிகள் வந்து நின்றபோது என்ன செய்தீர்கள்? ஏரியா மேனேஜரிடம் போனில் சத்தம் போட்டிருப்பீர்கள். அவர், "இந்த ஒரு மாசம் எனக்காக எடுத்துக்கங்கண்ணே, அடுத்த மாசம் சரிசெய்துடலாம்" என்று சொல்லியிருப்பார். அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நீங்கள் 60 என்று அனுப்பிய ஆர்டர் மின்னஞ்சல் இருக்கிறதா? லாரி வந்த பிறகு, "கேட்காத வண்டிகள் வந்துள்ளன" என்று ஒரு வரியாவது, வாட்ஸ்அப்பிலாவது, அனுப்பினீர்களா? அதற்கு அவர் 'பார்க்கிறேன்' என்று பதில் போட்டிருந்தால்கூடப் போதும், அது உங்கள் வழக்கின் முதுகெலும்பு. எதுவுமே இல்லை என்றால், விற்காமல் நிற்கும் வண்டிகளைச் சேஸிஸ் எண்ணோடு பட்டியலிட்டு, பில் தேதி, உங்கள் ஆர்டர், அதற்கு மேல் வந்தது, துரு ஏறிய நிலை என்று இன்றைக்கே எழுதுங்கள். தாமதம்தான், ஆனாலும் எழுதுங்கள். குடோனுக்கு ஒரு வாகன மதிப்பீட்டாளரை அழைத்துப் படங்களோடு அறிக்கை வாங்கிவையுங்கள். நம் கரையில் சைலன்ஸரும் ஸ்போக்ஸும் மூன்று மாதத்தில் என்ன ஆகும் என்பது டெல்லியில் உட்காரும் நடுவருக்குத் தெரியாது.

தடைக்கால வாதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகின்றன. கம்பெனி வக்கீல் முதல் கேள்வியிலேயே இதைப் பிடித்துக்கொள்வார். அதனால் தடை அரசாணையை மட்டும் ஆவணமாக வைத்து வாதாட வேண்டாம். கடந்த ஐந்தாண்டு ஏப்ரல், மே, ஜூன் விற்பனையை மாத வாரியாக எடுங்கள். ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி வாடிக்கையாளர்கள் தனியாக, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மிளகாய் வித்த காசில் வண்டி எடுத்தவர்கள் தனியாக. ஒவ்வோர் ஆண்டும் அந்த மூன்று மாதமும் கடற்கரை விற்பனை சரிவதை உங்கள் சொந்த எண்களே காட்டும். அந்த எண்கள் கம்பெனியின் மென்பொருளிலும் இருக்கின்றன. அப்படியிருந்தும் 145 அனுப்பினார்கள் என்பதுதான் கேள்வியாக வேண்டும்.

மென்பொருள் என்றதும் நினைவுக்கு வருகிறது. நோட்டீஸ் காலம் முடிகிற அன்று, சில சமயம் அதற்கு முன்பே, கம்பெனியின் டீலர் மென்பொருளான டிஎம்எஸ்ஸில் உங்கள் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். இன்றே உட்கார்ந்து லெட்ஜர், இன்வாய்ஸ், இன்சென்டிவ் சுற்றறிக்கைகள், வாரண்டி கிளெய்ம் நிலவரம் எல்லாவற்றையும் பதிவிறக்குங்கள். கணக்காளரை இரண்டு நாள் வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக்க ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கணினியில், எந்தத் தேதியில் யார் எடுத்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பின்னால் அந்தச் சான்றிதழை எழுதுவது எளிது. வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் பழைய போனை மகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்சென்டிவும் வாரண்டிப் பணமும் எளிய கடன் வழக்கு போன்றவைதான். பணம் எந்த மாதம் வர வேண்டியிருந்ததோ, அதிலிருந்து மூன்றாண்டு காலவரம்பு ஓடுகிறது. அந்த மூன்றாண்டு முடிவதற்குள் பழைய பாக்கியை ஒப்புக்கொண்டு கம்பெனி எழுத்தில் ஏதாவது அனுப்பியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்றாண்டு. "முப்பது நாளில் கேட்காத கிளெய்ம் செல்லாது" என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் மலைத்துப்போக வேண்டாம். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் உரிமையே அழிந்துவிடும் என்று எழுதும் ஷரத்தை 1997-ல் திருத்தப்பட்ட ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. கம்பெனி, "அது காலவரம்பு இல்லை, திட்டத்தின் நிபந்தனை" என்று வாதாடும். வாதாடட்டும்.

சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சிறுதொழில் சட்ட விதியில் வட்டியோடு கேட்கலாம் என்று உங்கள் ஆடிட்டர் சொல்லக்கூடும். கவனம். 2021 ஜூலையில் வியாபாரிகளையும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவில் சேர்த்தார்கள், ஆனால் அதன் பலனை வங்கிக் கடன் முன்னுரிமையோடு நிறுத்திவிட்டார்கள். வண்டி விற்பவருக்கு அந்த 45 நாள் கதவு திறக்காது.

வங்கி உத்தரவாதத்தில் நான் நம்பிக்கை தர முடியாது. கம்பெனி கேட்டால் வங்கி கொடுத்தே ஆக வேண்டும். அப்பட்டமான மோசடி அல்லது பிறகு மீட்கவே முடியாத இழப்பு, இந்த இரண்டில் ஒன்றைக் காட்டினால்தான் நீதிமன்றம் தலையிடும், காட்டுவது லேசில்லை. ஆனால் உத்தரவாதப் பத்திரத்தின் வாசகத்தைப் படியுங்கள். வெறும் 'கேட்டவுடன்' என்று இருக்கிறதா, 'ஏற்பட்ட நஷ்டத்துக்கு' என்று இருக்கிறதா, எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். எடுத்துவிட்டாலும் கதை முடியவில்லை. நஷ்டத்துக்கு மேல் எடுத்த ஒவ்வொரு ரூபாயையும் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி திரும்பக் கேட்கலாம்.

காசோலைகள்தான் எனக்குக் கவலை. நான்கின் எண்களையும் குறிப்பிட்டு, அவை பாதுகாப்புக்காகத் தொகை எழுதாமல் கொடுக்கப்பட்டவை, இன்றைய தேதியில் இன்னின்ன கணக்கின்படி கம்பெனிதான் தனக்குத் தர வேண்டும் என்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வங்கியில் 'பணம் தர வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அப்படித் திரும்பும் காசோலைக்கும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 138-ஆம் பிரிவு பாயும். காசோலை திரும்பி நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாளுக்குள் பதில் போக வேண்டும். வழக்கு கம்பெனியின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் நடக்கும், ராமநாதபுரத்தில் இல்லை. சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போவதே அலுப்பு. வாய்தாவுக்கு வாய்தா வடக்கே போவதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கடிதத்தை நாளைக்கே அனுப்பிவிடுவீர்கள்.

டெல்லி நடுவர் பற்றி. உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், கம்பெனி நடுவர் சட்டம் 8-ஆம் பிரிவின்கீழ் ஒரு மனு போட்டு அதை நிறுத்திவிடும். சென்னையில் செல்போன் கடைகள் நடத்திய ஒரு நிறுவனம் டேட்டாவிண்ட் கம்பெனியோடு சண்டையிட்டபோது, சரக்கு சென்னைக்கு வந்தது, கம்பெனி வடக்கே இருந்தது, மும்பைக்கும் வியாபாரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் நடுவர் இருக்கை, அதாவது நடுவர் விசாரணைக்குச் சட்டப்படி உரிய இடம், மும்பை என்று இருந்ததால் மும்பை நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கும் அதுதான். ஆனால் நடுவரைக் கம்பெனியின் நிர்வாக இயக்குநரே நியமிப்பார் என்று இருந்தால், பெர்க்கின்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு அது நிற்காது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 11-ஆம் பிரிவின்கீழ் மனு போட்டால் நடுநிலையான ஒருவர் வருவார். கம்பெனியின் சம்பளக்காரர் முன்னால் உட்காருவதற்கும் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி முன்னால் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் பயணச் செலவைவிடப் பெரியது. விசாரணையைக் காணொலியில் நடத்தக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். 21-ஆம் பிரிவின்கீழ் நடுவர் விசாரணை கோரும் நோட்டீஸை, நீங்கள் கேட்கும் தொகைகளின் பட்டியலோடு, 60 நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அந்த நோட்டீஸ் கம்பெனிக்குப் போய்ச் சேரும் நாளில்தான் நடுவர் விசாரணை தொடங்கியதாகச் சட்டம் கணக்கிடும். ஏரியா மேனேஜரை விட்டுவிட்டுக் கம்பெனியின் சட்டப் பிரிவு உங்களோடு பேச ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

எட்டு கிலோமீட்டரில் புது டீலர் என்பது உங்களுக்கு வலிக்கும் விஷயம், வழக்குக்கு உதவாத விஷயம். ஒப்பந்தத்தில் 'இந்த எல்லைக்குள் நீங்கள் மட்டும்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'எல்லை' என்று மட்டும் இருந்து 'மட்டும்' என்று இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வாடிக்கையாளருக்கு இவ்வளவுக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று கம்பெனி எழுதி, மீறினால் அபராதம் போட்டிருக்கிறதா? அப்படியானால் அது இந்தியப் போட்டி ஆணையத்தின் வேலை. மாருதி சுஸுகிக்கு 2021 ஆகஸ்டில் இதே காரணத்துக்காக 200 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள், மாருதி மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த விசாரணையைத் தொடங்கிவைத்தது பெயர் போடாமல் ஒரு டீலர் அனுப்பிய மின்னஞ்சல். ஹூண்டாய்க்கு 2017-ல் போட்ட 87 கோடி அபராதம் மறு ஆண்டே மேல்முறையீட்டில் ரத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆணையம் உங்கள் பாக்கியை வசூலித்துத் தராது. கம்பெனியைப் பேச்சுக்கு இழுக்க ஒரு கயிறு, அவ்வளவுதான். நடந்து மூன்றாண்டுக்குள் போக வேண்டும்.

டீலர்களைக் காப்பாற்றத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்கா 1956-லேயே ஒன்று போட்டது. இங்கே 2020 டிசம்பரில் நாடாளுமன்றத் தொழில்துறை நிலைக்குழு பரிந்துரை செய்தது, அதோடு சரி.

அடுத்த சில வாரங்களில் ஏரியா மேனேஜர் ஒரு காகிதத்தோடு வருவார். "நிலுவை ஏதுமில்லை" என்று அதில் இருக்கும். கையெழுத்திட்டால் நிறுத்திவைத்த இன்சென்டிவில் ஒரு பகுதியை உடனே விடுவிப்பதாகச் சொல்வார். என் கட்சிக்காரர் ஒருவர் வங்கி நெருக்கடியில் மூன்று லட்சத்துக்காக அப்படிக் கையெழுத்திட்டார், அவருக்கு வர வேண்டியது முப்பது லட்சத்துக்கு மேல். நெருக்கடியில் வாங்கிய கையெழுத்து என்று நிரூபித்தால் அதைக் கடந்து போகலாம் என்று தீர்ப்புகள் உண்டு, ஆனால் நிரூபிப்பதற்கே ஓராண்டு போயிற்று. பணம் வாங்குவதென்றால், 'என் மற்ற கோரிக்கைகளுக்கு உட்பட்டு' என்று உங்கள் கையால் எழுதிவிட்டு வாங்குங்கள். எழுத விடவில்லை என்றால் வாங்காதீர்கள்.

நிற்கும் வண்டிகளையும் உதிரி பாகங்களையும் கம்பெனி திரும்ப வாங்குமா என்பது ஒப்பந்தத்தில் ஒரு சொல்லில் இருக்கிறது: 'வாங்கிக்கொள்ளலாம்' என்றா, 'வாங்கிக்கொள்ள வேண்டும்' என்றா. எப்படி இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், விலை குறைத்தாவது இந்த 47 நாளில் விற்றுத் தள்ளுங்கள். நஷ்டத்தைக் குறைக்க முயன்றவருக்குத்தான் இழப்பீடு என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு. வங்கி வட்டியோ தடைக்காலம் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக உங்கள் கடிதத்தின் கடைசி வரி. தொண்டி, ஏர்வாடிக்காரர்கள் முன்பணத்தைக் கேட்கிறார்கள் என்று சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள்தான் கம்பெனி. அவர்கள் கேட்காத வண்டிகளை நீங்களும் அவர்களிடம் இறக்கியிருப்பீர்கள், எழுத்தில் எதுவும் கொடுத்திருக்கமாட்டீர்கள். அவர்கள் கடையில் நிற்கும் வண்டிகள் யார் கணக்கில் என்பதே இன்று யாருக்கும் தெளிவில்லாமல் இருக்கும். இந்த வாரத்தில் இருவரையும் அழைத்து உட்கார்ந்து, வண்டி எண்ணி, முன்பணம் கழித்து, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவேன் என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள். கம்பெனி மீதான உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அந்தத் தொகையும் ஒரு வரியாக ஏறும். மே மாதம் லாரி வந்த நாளில் குடோனில் நின்றவர்களில் ஒருவர் ஏர்வாடிக்காரராகவும் இருந்திருக்கலாம், கேளுங்கள். உங்களுக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது.